முகமூடி, கிரீடம், கதாயுதம்: அச்சிலும் வார்ப்பிலும் வரும் கோளாறுகள், அறிகுறி வாரியாக

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை பக்கம் நாடகப் பொருள் செய்கிறவர்களுக்கு வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை ஈரத்தில்தான் தொடங்குகின்றன. காற்றின் ஈரம், களிமண்ணின் ஈரம், அச்சுக்குள் தங்கிய ஈரம், இவற்றோடு கலக்கும் தண்ணீரில் உள்ள உப்பு. இவற்றில் எது என்று கண்டுபிடிக்காமல் பொருளை மாற்றிப் பயனில்லை. காகிதம் சரிப்படவில்லை என்று ஃபைபருக்கு (கண்ணாடி இழையில் ரெசின் ஊட்டிய வார்ப்பு) போனால், அதே ஈரம் அங்கே வேறு வேஷம் கட்டிக்கொண்டு வரும். அதனால் எந்த அறிகுறியானாலும் முதலில் ஈரத்தைப் பாருங்கள். அப்புறம் கலவை அளவு. கைப்பழக்கத்தைக் குறை சொல்வது கடைசியில்.

காலக்கணக்கும் முக்கியம். வைகாசியில் நரசிம்ம ஜெயந்தியை ஒட்டி மேடையேறும் நாடகத்துக்கு மாசியில் களிமண்ணில் உருப்பிடித்து அதன்மேல் அச்செடுத்து, பங்குனியில் அந்த அச்சுக்குள் வார்த்து, சித்திரையில் வண்ணம் தீட்டினால் அவசரம் இருக்காது. ஐப்பசி, கார்த்திகையில்தான் வேலை என்றால் காய்வதற்கு மட்டும் மூன்று மடங்கு நாள் ஒதுக்குங்கள்.

இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். தஞ்சாவூர்ப் பக்கத்து மெலட்டூரில் பாகவத மேளா என்ற பக்தி நாட்டிய நாடகத்துக்குரிய நரசிம்ம முகமூடி பூசைக்குரியது. அப்படிப்பட்ட முகமூடியின் மேல் பிளாஸ்டரோ சிலிக்கோனோ படவே கூடாது. பக்தி ஒரு புறம் இருக்க, பழைய காகித முகமூடியின் வண்ணம் வாசலின் தடவித் துடைத்தாலே கிளம்பிவிடும். அளவும் படமும் எடுத்துக்கொண்டு களிமண்ணில் புதிதாக உருப்பிடியுங்கள்.

களிமண் உரு அச்செடுக்கும் முன்பே வெடிக்கிறது

வெடிப்பு எப்படி ஓடுகிறது என்று பாருங்கள். உள்ளே இருக்கும் மரச்சட்டத்தின் நீளத்துக்கே ஓடினால் தவறு சட்டத்தில். களிமண் காயும்போது சுருங்கும், மரம் விட்டுக்கொடுக்காது. சட்டத்தின் மேல் வைக்கோல் புரியை இறுக்கமில்லாமல் சுற்றி, அதன்மேல் மண் அப்பினால் சுருங்குவதற்கு இடம் கிடைக்கும். மேற்பரப்பில் மட்டும் வலைபோல வெடித்திருந்தால் உரு வேகமாகக் காய்ந்திருக்கிறது. ஆடிக் காற்றில் திறந்த திண்ணையில் வைத்தால் ஒரே பிற்பகலில் இப்படி ஆகும். வேலை செய்யாத நேரமெல்லாம் ஈரத்துணியும் அதற்கு மேல் பிளாஸ்டிக் தாளும் மூடியிருக்கட்டும்.

வெறும் வண்டலில் உருப்பிடித்தால் சுருக்கம் அதிகம். உட்பகுதிக்கு வண்டல் 3 பங்கு, சலித்த ஆற்று மணல் 1 பங்கு. மேலே 1 செ.மீ. கனத்துக்கு மட்டும் நைசான வண்டல். வெடிப்பை அடைக்கக் கூழாகக் கரைத்த மண்ணை ஊற்றாதீர்கள், அது இன்னும் அதிகமாகச் சுருங்கி மறுபடி திறக்கும். உருவில் இருக்கும் அதே பதத்து மண்ணை அழுத்தி வையுங்கள்.

சுவாமிமலையில் ஐம்பொன் வார்க்கிறவர்கள் மெழுகு உருவின் மேல் முதல் பூச்சுக்கு நைசான காவிரி வண்டலையும், வெளிப் பூச்சுக்கு மணல் கலந்த முரட்டு மண்ணையும் வைப்பார்கள். நுணுக்கத்தை எடுப்பது முதல் பூச்சு, பலம் தருவது வெளிப்பூச்சு. பிளாஸ்டர் அச்சுக்கும் இதே முறைதான்: முதல் கலவை நீர்க்க, அடுத்தது கெட்டியாக. அதற்காக உலோக வார்ப்பை வீட்டுக் கொல்லையில் முயலாதீர்கள். மண் அச்சில் சொட்டு ஈரம் இருந்தாலும் உருகிய உலோகம் பட்டதும் அது ஆவியாகி உலோகத்தை வெளியே வீசும்.

பிளாஸ்டர் வாளியிலேயே இறுகிவிடுகிறது

நான்கு காரணங்கள்: வாளியில் ஒட்டியிருக்கும் பழைய பிளாஸ்டர், உப்புத் தண்ணீர், வெதுவெதுப்பான தண்ணீர், தேவைக்கு மேல் கலக்குவது. இறுகிய பிளாஸ்டரின் துணுக்குகள் புதுக் கலவைக்கு உறை ஊற்றியது போல வேலை செய்யும். வளையக்கூடிய பிளாஸ்டிக் வாளி வாங்கி, ஒவ்வொரு தடவையும் கசக்கி உதிர்த்துக் கழுவுங்கள்.

வேதாரண்யம், நாகப்பட்டினம் கடலோரத்தில் போர்வெல் தண்ணீர் உப்பாக இருந்தால் இறுகும் நேரம் பாதியாகக் குறையலாம். சோதிப்பது எளிது. இரண்டு டம்ளரில் 100 கிராம் பிளாஸ்டரை 70 மி.லி. தண்ணீரில் கலக்குங்கள், ஒன்றில் போர்வெல் தண்ணீர், இன்னொன்றில் கேன் தண்ணீர். நகத்தால் அழுத்தினால் தடம் விழாத நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஐந்து நிமிடத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால் அச்சுக்குக் கேன் தண்ணீர்தான். ஜூனில் மேட்டூர் திறந்து வாய்க்காலில் வரும் புதுத் தண்ணீரும் உதவாது, அதில் கரைந்திருக்கும் வண்டல் அச்சைப் பலவீனமாக்கும்.

நேரம் வேண்டுமென்றால் 1 கிலோ பிளாஸ்டருக்கு 1 கிராம் எலுமிச்சை உப்பைத் தண்ணீரில் முதலிலேயே கரைத்துவிடுங்கள். அதற்கு மேல் போட்டால் அச்சு மென்மையாகிவிடும்.

கலக்கும் முறை: தண்ணீரில் பிளாஸ்டரைத் தூவ வேண்டும், பிளாஸ்டரில் தண்ணீரை ஊற்றக் கூடாது. அச்சுக்கு 10 பங்கு பிளாஸ்டர், 7 பங்கு தண்ணீர், எடைக் கணக்கில். முகமூடி அளவு அச்சு ஒன்றுக்கு 4 கிலோ பிளாஸ்டரும் 2.8 லிட்டர் தண்ணீரும் போதும். தூவியபின் ஒரு நிமிடம் தொடாமல் ஊறவிட்டு, கையை அடியில் வைத்தபடியே இரண்டு நிமிடம் கலக்குங்கள். கையை மேலே தூக்கி அடித்தால் காற்று புகும். அச்சின் உட்புறம் குண்டூசித் துளைகளாகத் தெரிவது இதனால்தான்.

பிளாஸ்டர் அச்சு மாவாக உதிர்கிறது, அல்லது இறுகவே இல்லை

மூட்டை பழசு. திறந்த மூட்டை மழைக்காலத்தில் ஒரு மாதம் கிடந்தாலே காற்றின் ஈரத்தைக் குடித்துப் பாதி செத்துவிடும். கையில் எடுத்துப் பிசைந்தால் கட்டி கட்டியாக நெருடும். அதைக் காயவைத்து மீட்க முடியாது, தூக்கிப் போடுங்கள். வாங்கியவுடன் 5 கிலோ அளவாகப் பிரித்துக் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு, தரையில் வைக்காமல் பலகைமேல் வையுங்கள்.

மூட்டை புதிது, அளவும் சரி, ஆனாலும் ஓரம் உதிர்கிறது என்றால் அச்சைச் சூட்டில் காயவைத்திருக்கிறீர்கள். இறுகிய பிளாஸ்டரைச் சுமார் 50 டிகிரிக்கு மேல் நெடுநேரம் வைத்தால் தனக்குள் கட்டிவைத்திருந்த நீரையும் இழந்து மாவாகும். அடுப்பு மேடை, தகரக் கொட்டகையின் கூரையடி இரண்டும் வேண்டாம். மின்விசிறிக் காற்றும் நிழலும் போதும். அச்சு காய்ந்ததா என்று தராசைக் கேளுங்கள்: காலையும் மாலையும் நிறுத்துப் பார்த்து, அடுத்தடுத்து இரண்டு தடவை ஒரே எடை காட்டினால் காய்ந்தது. கன்னத்தில் வைத்துச் சில்லென்று இருந்தால் காயவில்லை.

அச்சு திறக்க மாட்டேன் என்கிறது

சோப்பு தடவவில்லை என்பதைவிட, அச்சைப் பிரித்த இடம் தவறு என்பதே அடிக்கடி காரணமாக இருக்கும். நரசிம்மரின் பிடரி மயிர், மூக்குத் துளை, திறந்த வாய், கோரைப்பல்லின் பின்புறம் எல்லாம் உள்வளைவுகள். பிளாஸ்டர் வளையாது, அதனால் ஒரே துண்டில் எடுத்தால் அங்கே கொக்கி மாட்டியதுபோல நிற்கும். ஒரு டார்ச்சை உருவுக்கு நேர் மேலே பிடித்துப் பாருங்கள். நிழல் விழும் இடமெல்லாம் உள்வளைவு. அங்கே தனித்துண்டு வேண்டும், இல்லையென்றால் களிமண்ணால் அடைத்துவிட்டு வார்ப்பில் கையால் செதுக்க வேண்டும். கோரைப்பல்லையும் நாக்கையும் தனியாக வார்த்து ஒட்டுவது எப்போதும் நல்லது.

பிளாஸ்டருக்கு மேல் பிளாஸ்டர் ஊற்றும் மூட்டுகளில் அரக்கு வார்னிஷ் இரண்டு பூச்சு, காய்ந்தபின் சோப்புக் கரைசல் மூன்று தடவை. ஒட்டிக்கொண்ட அச்சைச் சுத்தியலால் அடிக்காதீர்கள். மூட்டில் மூங்கில் ஆப்பு மூன்றை மூன்று பக்கமும் மெல்லச் செருகி, வெதுவெதுப்பான தண்ணீரை மூட்டுக்குள் ஊற்றிப் பத்து நிமிடம் விடுங்கள். உள்ளே களிமண் உரு என்றால் அது ஊறி வழிவிடும்.

காகித முகமூடி: கோணுகிறது, பூசணம் பிடிக்கிறது, அடுக்கு பிரிகிறது

காகிதம்தான் டெல்டாவில் இன்றைக்கும் சிறந்த பொருள் என்பது எங்கள் தீர்மானம். இலேசு, மூச்சு விடலாம், உடைந்தால் அன்றிரவே ஒட்டலாம். ஆனால் காகிதம் பொறுமையைக் கேட்கும்.

கோணுவதற்குக் காரணம் ஒரு பக்கம் முன்னால் காய்வது. வெயிலில் கவிழ்த்து வைத்தால் வெளிப்பக்கம் சுருங்கி, ஈரமான உட்பக்கத்தை இழுக்கும். தாடைப் பக்கம் உள்ளே மடிந்திருந்தால் பெரும்பாலும் இதுதான். ஏற்கெனவே கோணியதை மீட்க, உட்பக்கம் ஈரத் துணியால் ஒற்றி, அரை மணி நேரம் கழித்து அச்சுக்குள் திரும்பவும் வைத்து, துணிப்பட்டையால் கட்டி, மின்விசிறிக்கு நேராக இரண்டு நாள் விடுங்கள். இனிமேல் கோணாமல் இருக்க, ஓரம் வெட்டியதும் பிரம்புச் சீவலையோ 2 மி.மீ. கம்பியையோ விளிம்பு முழுக்க வைத்துக் காகிதப் பட்டையால் சுற்றி ஒட்டுங்கள்.

அடுக்கும் முறை: காகிதத்தைக் கத்தரிக்காமல் கிழியுங்கள், கிழிந்த ஓரம் ஒன்றோடொன்று கலந்துவிடும். கன்னத்துக்கு 3 செ.மீ. பட்டை, மூக்கு, உதட்டுக்கு 1 செ.மீ. அச்சைத் தொடும் முதல் அடுக்கு பசையில்லாமல் வெறும் தண்ணீரில் நனைத்தது. அச்சில் ஒட்டாமல் வருவது அதனால்தான். பிறகு செய்தித்தாள் ஒரு அடுக்கு, காக்கித்தாள் ஒரு அடுக்கு என்று மாற்றி மாற்றி மொத்தம் எட்டு. நிறம் மாறுவதால் எங்கே விட்டுப்போயிற்று என்று கண்ணுக்குத் தெரியும். ஒரு நாளைக்கு மூன்று அடுக்குக்கு மேல் வேண்டாம். மூன்று நான்கு முகமூடி எடுத்தபின் அச்சே தண்ணீர் குடித்துக் கனத்துவிடும், அதன்பின் எதுவும் காயாது. அச்சை வாரம் ஒரு தடவை ஓய்வில் விடுங்கள்.

பசைக்கு மைதா 1 கப், தண்ணீர் 5 கப். கண்ணாடிபோல் ஆகும்வரை காய்ச்ச வேண்டும். இன்னும் உறுதி வேண்டுமென்றால் புளியங்கொட்டைப் பசை. பூச்சிக்கும் பூசணத்துக்கும் 1 லிட்டர் பசைக்கு 5 கிராம் மயில்துத்தத்தை (காப்பர் சல்பேட்) சுடுதண்ணீரில் கரைத்துக் கலக்கலாம். அது விஷம். முகத்தைத் தொடும் கடைசி இரண்டு அடுக்கும் வாய்ப்பகுதியும் மயில்துத்தம் இல்லாமல், பாதித் தண்ணீர் கலந்த ஃபெவிகாலில்தான் ஒட்ட வேண்டும். மழைக்காலத்தில் மைதாப் பசையை இரண்டு நாளுக்கு மேல் வைத்திருக்காதீர்கள். புளித்த வாடை வந்தால் அதன் ஒட்டுந்தன்மையும் போய்விட்டது.

பூசணம் மேலே மட்டும் சாம்பல் புள்ளியாக இருந்தால் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்துத் துடைத்து, காயவைத்து, அரக்கு வார்னிஷ் அடியுங்கள். முகமூடியை விரலால் தட்டிப் பாருங்கள்: காய்ந்தது ‘டக்’ என்று கேட்கும், உள்ளே ஈரமோ பூசணமோ இருந்தால் ‘தொப்’ என்று அடங்கும். மூக்குத் தண்டிலும் கன்னத்திலும் புருவ மேட்டிலும் தனித்தனியாகத் தட்ட வேண்டும். கனமான இடம் கடைசியில்தான் காயும். அடங்கிய ஓசையோடு மட்கிய வாடையும் வந்தால் அதை நடிகர் முகத்தில் வைக்கக் கூடாது.

வெளியே வார்னிஷ் அடித்துவிட்டு உள்ளே விட்டுவிடுவது பொதுவாக நடக்கும் தவறு. மேடையில் ஈரம் வருவது நடிகரின் மூச்சிலிருந்தும் வேர்வையிலிருந்தும். உட்பக்கம் கட்டாயம் இரண்டு பூச்சு வேண்டும். ஆனால் முழுக்கக் காயும் முன் இரு பக்கமும் வார்னிஷ் போட்டால் மேடை விளக்குச் சூட்டில் வண்ணம் கொப்புளமாகக் கிளம்பும். கொப்புளம் வந்த இடத்தைச் சுரண்டி, இரண்டு நாள் காற்றாட விட்டு, மறுபடி பூசுங்கள்.

அடுக்கு பிரிந்து உள்ளே வெற்றிடமாக இருக்கும் இடத்தில் ஊசி மருந்து சிரிஞ்சால் தண்ணீர் கலந்த ஃபெவிகாலைச் செலுத்தி, துணி உருண்டை வைத்துக் கட்டினால் ஒரு நாளில் பிடித்துக்கொள்ளும். நாடகம் முடிந்ததும் முகமூடியைத் தகரப் பெட்டியில் பூட்டாதீர்கள். பருத்திப் பையில் போட்டுச் சுவரை ஒட்டாமல் தொங்கவிடுங்கள்.

லேடெக்ஸ் காயவில்லை, அல்லது நாளடைவில் பிசுபிசுக்கிறது

காயாத லேடெக்ஸ் (ரப்பர் பால்) பால்வெள்ளை, காய்ந்தது தேன் நிறத்தில் ஒளி புகும். வெள்ளைத் திட்டு எங்கே இருக்கிறதோ அங்கே ஈரம். பிளாஸ்டர் அச்சில் ஊற்றி எடுக்கும் முறையில் அச்சுதான் தண்ணீரை உறிஞ்ச வேண்டும். அதனால் அந்த அச்சுக்கு வார்னிஷ், எண்ணெய், சோப்பு எதுவும் கூடாது. 10 பங்கு பிளாஸ்டருக்கு 8 பங்கு தண்ணீர் விட்டுக் கலந்த, நன்றாக உலர்ந்த அச்சு சரியாக உறிஞ்சும். ஊற்றி முக்கால் மணி நேரம் விட்டு, மிச்சத்தை வடித்தால் 2 மி.மீ. அளவுக்குத் தோல் கிடைக்கும். உரிக்கும்முன் உள்ளே டால்கம் பவுடர் தாராளமாகத் தூவுங்கள், இல்லையென்றால் மடிந்து தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும், பிரிக்கவே முடியாது.

ஊற்றும்போதே கட்டி கட்டியாக விழுந்தால் டப்பா திறந்திருந்து அமோனியா போய்விட்டது. பாதி கட்டியானதை வடிகட்டிப் பயன்படுத்தலாம், முழுக்கத் திரிந்தது வீண்.

நன்றாக இருந்த முகமூடி ஆறேழு மாதத்தில் கருத்துப் பிசுபிசுத்தால் இரண்டு பேரைச் சந்தேகியுங்கள். ஒன்று, தங்க நிறத்துக்காகப் பூசிய வெண்கலத் தூள். அதில் இருப்பது செம்பு, செம்பு ரப்பரைக் கெடுக்கும். மைக்காவில் செய்த தங்கத் தூளுக்கு மாறுங்கள். பித்தளை மணிகளையும் நேராகத் தைக்காமல் துணிப்பட்டையில் தைத்துக் கட்டுங்கள். இரண்டாவது, தேங்காயெண்ணெய். அரிதாரம் கலைக்க எண்ணெய் தடவிய கையோடு லேடெக்ஸைத் தொட்டால் அந்த இடம் உப்பிக் கூழாகும்.

சிலிக்கோன் ஒட்டுகிறது

ஓரத்தில் மட்டும் ஒட்டினால் சரியாகக் கலக்கவில்லை. கப்பின் சுவரையும் அடியையும் வழித்துக் கலந்து, வேறு கப்புக்கு மாற்றி மறுபடி கலக்கி ஊற்றுங்கள். உருவைத் தொடும் பரப்பு முழுக்க ஒட்டினால், பிளாட்டினம் வகைச் சிலிக்கோனைக் கந்தகம் கலந்த பிளாஸ்டிசின் (எண்ணெய்க் களிமண்) மேல் ஊற்றியிருப்பீர்கள், அல்லது லேடெக்ஸ் கையுறை போட்டிருப்பீர்கள். நைட்ரைல் கையுறையும் வண்டல் மண் உருவும் இருந்தால் இந்தத் தொல்லை குறையும். மண் உருவுக்கு அரக்கு வார்னிஷ் அடித்து ஈரத்தை அடைத்துவிட்டு ஊற்றுங்கள்.

டின் வகைச் சிலிக்கோன் புழுக்கம் அதிகமான நாளில் கையில் இருக்கும்போதே இறுகும். லேபிளில் உள்ள அளவின் கீழ்வரம்பில் கேட்டலிஸ்ட் (இறுகவைக்கும் திரவம்) விட்டு, விடியற்காலையில் ஊற்றுங்கள். இரண்டு துண்டு அச்சில் முதல் துண்டின் மேல் வாசலின் தடவாமல் இரண்டாவதை ஊற்றினால் இரண்டும் ஒன்றாகிவிடும். சிலிக்கோனில் ஒட்டுவது சிலிக்கோன் மட்டும்தான்.

ஃபைபர் வார்ப்பு பிசுபிசுக்கிறது, சுருங்குகிறது, வெடிக்கிறது

முதலில் பாதுகாப்பு. கோபால்ட்டையும் (ரெசின் இறுகுவதைத் துரிதப்படுத்தும் திரவம்) கேட்டலிஸ்டையும் ஒருபோதும் நேராகக் கலக்காதீர்கள், தீப்பிடிக்கும், வெடிக்கவும் கூடும். கோபால்ட் முதலில் ரெசினில் முழுக்கக் கலந்தபின்தான் கேட்டலிஸ்ட். கேட்டலிஸ்ட் கண்ணில் பட்டால் பார்வை போகலாம், கண்ணாடி கட்டாயம். மூக்குக்குத் துணியோ சர்ஜிக்கல் மாஸ்க்கோ போதாது, ரசாயன வாயுவுக்கான கார்ட்ரிட்ஜ் மாஸ்க் வேண்டும்.

35 டிகிரி வெயில் நாளில் கோபால்ட் கலந்த 1 கிலோ ஜி.பி. (பொதுப் பயன்பாட்டு) ரெசினுக்கு 10 மி.லி. கேட்டலிஸ்ட், மார்கழிக் குளிரில் 20 மி.லி. வரை. அரைக் கிலோவுக்கு மேல் ஒரே தடவை கலக்காதீர்கள். கனமாக ஊற்றிய இடம் தன் சூட்டிலேயே வெடிக்கும்.

காற்றுப் படும் மேற்பரப்பு மட்டும் பிசுபிசுப்பது இயல்பு. கடைசி அடுக்கின் மேல் பாலியெஸ்டர் தாளை ஒட்டிவிட்டால் இறுகிவிடும். அச்சைத் தொட்ட பக்கமும் பிசுபிசுத்தால் கேட்டலிஸ்ட் குறைவு, அல்லது ஈரம். ஃபைபர் மேட்டை (கண்ணாடி இழை விரிப்பு) ரெசினில் நனைத்தபின்னும் இழை வெள்ளையாகத் தெரிகிறதா? மேட் தரை ஈரத்தைக் குடித்திருக்கிறது. மேட்டையும் ரெசினில் கலக்கும் மாக்கல் தூளையும் முந்தின நாளே வெயிலில் காட்டி எடுங்கள். சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள மேட் இரண்டு அடுக்கு முகமூடிக்குப் போதும். மேட்டின் எடையைப் போல இரண்டரை மடங்கு ரெசின்.

ஜெல்கோட் (அச்சில் முதலில் பூசும் ரெசின் பூச்சு) தோல் சுருங்கியதுபோல் மடிப்பு விழுந்தால் பூச்சு மெல்லியதாக இருந்திருக்கும், அல்லது கீழே தடவிய பி.வி.ஏ. (வார்ப்பு அச்சில் ஒட்டாமலிருக்கப் பூசும் திரவம்) காய்ந்திருக்காது. ஈரக் காற்றில் பி.வி.ஏ. காய வழக்கத்தைவிட நெடுநேரம் ஆகும். விரல் நுனியால் தொட்டுப் பார்த்து, ஒட்டாமல் வழுக்கினால்தான் ஜெல்கோட். பிளாஸ்டர் அச்சில் ஃபைபர் போட, அச்சு முழுக்க உலர்ந்திருக்க வேண்டும், அரக்கு மூன்று பூச்சு, வாக்ஸ் நான்கு தடவை, பிறகு பி.வி.ஏ. அரக்கு வெள்ளை பூத்தால் அது காற்றின் ஈரம். நண்பகலில் பூசுங்கள்.

வாடை முழுக்கப் போகாத ஃபைபர் முகமூடியை யாருக்கும் மாட்டாதீர்கள். வாரம் ஆனாலும் காற்றில் வைத்து, உள்ளே பருத்தித் துணி ஒட்டிய பிறகே கொடுங்கள்.

கதாயுதம் கழுத்தில் ஒடிகிறது

குண்டு ஒரு வார்ப்பு, பிடி ஒரு குழாய், நடுவில் பசை என்று செய்தால் ஒடியத்தான் செய்யும். காய்ந்த மூங்கிலைக் குண்டின் உச்சிவரை ஊடுருவ விட்டு, உச்சியிலும் கழுத்திலும் இரண்டு இடத்தில் பிடிக்க வேண்டும். கழுத்தில் ரெசினில் தோய்த்த சணல் கயிற்றை மூன்று சுற்று இறுக்கி, இறுகியபின் அதன்மேல் ஒரு சுற்று மேட்.

உள்ளே நிரப்பும் பி.யூ. ஃபோம் (பாலியூரித்தேன் நுரை) பெரிய பெரிய துளையாகப் பொங்கி, விரல் பட்டாலே நொறுங்கினால் கலவையில் தண்ணீர் சேர்ந்திருக்கிறது. மூங்கில் பச்சையாக இருந்தாலே போதும், அந்த ஈரத்தில் ஃபோம் அளவுக்கு மீறிப் பொங்கும். மூங்கிலை மூன்று வாரமாவது நிழலில் காயவைத்து, மேலே அரக்கு அடித்துச் செருகுங்கள். ஃபோம் டப்பாவைத் திறந்து, வேண்டியதை எடுத்தவுடன் மூடுங்கள். பொங்க வழியாகக் குண்டின் மேல்புறம் 1 செ.மீ. துளை இரண்டு விட்டிருங்கள், இல்லையென்றால் மூட்டைப் பிளந்துகொண்டு வரும்.